மிச்சமான கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை: எடுத்து வைக்க வேண்டிய நாள் எது?



இன்னைக்கு சர்க்கரை, கொலஸ்ட்ரால் பத்தி எழுதப் போறதில்லை. உங்க வீட்டு ஃப்ரிட்ஜோட அடித்தட்டுல, பாலிதீன் கவருக்குள்ள, முடிச்சு கூட அவிழ்க்காம கிடக்குதே ஒரு கொத்தமல்லிக் கட்டு... அதைப் பத்தி ஒரு நீண்ட இழை.

கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு கொத்தமல்லியில என்ன வேலைன்னு கேட்பீங்க. வேலை இருக்கு. கடைசி வரைக்கும் படிங்க.

1.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நைட் டியூட்டி. ராத்திரி ஒரு மணி இருக்கும். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. சாயங்காலத்தில் இருந்து நிற்காத வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. நாக்கு வறண்டிருந்தது. ரத்த அழுத்தம் 80/50. ஏற்கெனவே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர். அன்னைக்கு ராத்திரியும் "வேளை தவறக் கூடாது"ன்னு எல்லா மாத்திரையும் போட்டிருக்காங்க.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல தம்பி. ரெண்டு தோசைதான்."

"தொட்டுக்க?"

"புதினா சட்னி."

"என்னைக்கு அரைச்சது?"

பதில் இல்லை. பக்கத்தில் நின்ற மருமகள்தான் சொன்னார். "முந்தாநாள் அரைச்சது சார். வேணாம் அத்தைன்னு சொன்னேன், கேட்கல."

2.

நடந்தது இதுதான். வீட்டில் புதினாவும் கொத்தமல்லியும் ஒரு வாரமா கிடந்திருக்கு. பாதி கொழகொழன்னு ஆயிடுச்சு. தூக்கிப் போட மனசு வராம, நல்லா இருந்த இலையா பொறுக்கி, தேங்காய் சேர்த்து அரைச்சிருக்காங்க. அன்னைக்கு எல்லாரும் சாப்பிட்டாங்க. மிச்சம் ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கு. மறுநாள் ஃப்ரிட்ஜுக்குப் போச்சு. மூணாம் நாள் எடுத்தா லேசா புளிச்ச வாடை.

"அதான் தம்பி, மறுபடி கடுகு தாளிச்சு, ஒரு வதக்கு வதக்கிட்டேன். சரியாயிடும்னு நினைச்சேன்."

வீட்டில் மத்தவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஏன்னா அவங்களுக்கு அன்னைக்குப் புதுசா தக்காளி சட்னி அரைச்சுக் கொடுத்திருக்காங்க.

"பிள்ளைங்களுக்குக் குடுக்கல தம்பி. வீணாப் போகுதேன்னு நான் மட்டும்தான் சாப்பிட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருக்கேன்னு கணக்கே இல்லை. பழைய குழம்பு, நேத்து வடிச்ச சோறு, முந்தாநாள் சட்னி. சொல்ற ஆள் மாறும். அனேகமா எப்பவும் ஒரு அம்மாவா, அத்தையா, பாட்டியாத்தான் இருப்பாங்க.

3.

ரத்தப் பரிசோதனையில் அவருக்கு கிரியாட்டினின் ஏறியிருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். அந்த நேரத்தில் சில பிரஷர் மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீரகம் ரொம்பவே திணறும். சலைன் ஏற்றினோம். சில மாத்திரைகளைத் தற்காலிகமா நிறுத்தினோம். நாலாம் நாள் நல்லபடியா வீட்டுக்குப் போனார்.

(சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கடுமையான வாந்தி, பேதி வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. எந்த மாத்திரையைத் தொடரணும், எதை நிறுத்தணும்னு அவர் சொல்லட்டும். நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஓ.ஆர்.எஸ் மட்டும் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.)

எந்தக் கிருமின்னு நாங்க கல்ச்சர் பண்ணிப் பார்க்கலை. ஆனால் ஒரு விஷயம் பொதுவா எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு பாக்டீரியா. நம்ம கையில், மூக்கில் சாதாரணமா இருக்கும். உணவில் விழுந்து, வெளியே சில மணி நேரம் கிடந்தால், பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். சூடு பண்ணினால் கிருமி சாகும். ஆனால் அது ஏற்கெனவே விட்டுப் போன நச்சு சமையல் சூட்டுக்கு அழியாது.

அதனால் கெட்டுப்போன சட்னியை மறுபடி தாளிச்சா வாசனை மட்டும்தான் மாறும்.

4.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பிரச்சினை மூணாம் நாள் சட்னியில் ஆரம்பிக்கலை. கட்டு வாங்கி வந்த அன்னைக்கே ஆரம்பிச்சிடுச்சு.

நம்ம வீடுகளில் தழைகளைப் பத்திரப்படுத்துவது எப்ப நடக்குது? வாடினதுக்கு அப்புறம். மஞ்சள் தட்டினதுக்கு அப்புறம். "ஐயோ, இன்னைக்கு ஏதாவது பண்ணலேன்னா போயிடும்"னு பதறும்போது துவையல், சட்னி, தொக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

என் கருத்து இதுதான்: மிச்சத்தை எடுத்து வைப்பது, வாங்கின அன்னைக்குச் செய்ய வேண்டிய வேலை. கெடப்போகிற அன்னைக்கு இல்லை. ஒரு கட்டு வாங்கினா இந்த வாரம் எவ்வளவு தேவைன்னு உங்களுக்கே தெரியும். மீதியை அது நல்லா இருக்கும்போதே பிரிச்சு எடுத்து வெச்சிடணும். கெட்டுப்போக ஆரம்பிச்ச இலையை எந்த முறையும் நல்ல இலையா ஆக்காது. ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், உப்பு, புளி எதுவா இருந்தாலும் இருக்கிற நிலையைத்தான் காப்பாத்தும். போன நிலையைத் திருப்பித் தராது.

5.

தழை ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுது?

பறிச்ச பிறகும் இலை உயிரோடதான் இருக்கு, சுவாசிக்குது. காத்தில் விட்டால் நீர் இழந்து வாடும். ஈரத்தோட கவரில் கட்டினால், இலை மேல் நிற்கும் தண்ணீரில் பாக்டீரியா பெருகி அழுகும். ஆக ஒரே விதிதான்: ஈரப்பதம் இருக்கணும், சொட்டத் தண்ணீர் இருக்கக் கூடாது.

இன்னொன்று எத்திலின். வாழைப்பழம், தக்காளி, ஆப்பிள், மாம்பழம் எல்லாம் பழுக்கும்போது வெளிவிடும் வாயு. இது பட்டால் தழை வேகமா மஞ்சளாகும். தக்காளியையும் கொத்தமல்லியையும் ஒரே கவரில் போட்டு வைக்கிறது நம்ம எல்லார் வீட்டிலும் நடக்கிற தப்பு. கடைக்காரரே அப்படித்தானே போட்டுத் தர்றார்!

6.

முதல் வழி, ஒரு வாரத்துக்கு.

வந்ததும் கட்டை அவிழுங்க. நூல் இறுக்கிக் கட்டின இடத்தில்தான் முதலில் அழுகல் ஆரம்பிக்கும். மஞ்சள், கறுப்பு, கொழகொழ இலையெல்லாம் எடுத்துடுங்க. அப்பவே கழுவ வேணாம். சமைக்கும்போது கழுவலாம். மழைக்காலத்தில் சேறா இருந்து கழுவியே ஆகணும்னா, பருத்தித் துணியில் பரப்பி ஃபேன் காத்தில் நல்லா உலர்த்தின பிறகு எடுத்து வைங்க.

கொத்தமல்லி வேரோட இருந்தா ஒரு டம்ளரில் வேர் மட்டும் மூழ்குற அளவு தண்ணீர் விட்டு, பூச்செண்டு மாதிரி நிறுத்தி, மேலே ஒரு கவரைத் தளர்வா கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ரெண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாத்துங்க.

புதினாவையும் கறிவேப்பிலையையும் பழைய வேட்டித் துணி, காடாத் துணி எதிலாவது சுத்தி, மூடி போட்ட டப்பாவில் வைங்க. துணி நனைஞ்சா மாத்துங்க. கொத்தமல்லி, புதினா ஒரு வாரம் தாராளமா தாங்கும். கறிவேப்பிலை அதைவிடக் கூடுதலா தாங்கும்.

செய்தித்தாளில் சுத்தாதீங்க. அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் உணவில் ஒட்டும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதிவதற்கு எதிரா இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே எச்சரிக்கை கொடுத்திருக்கு.

துளசியும் திருநீற்றுப் பச்சிலையும் இதுக்கு விதிவிலக்கு. குளிர் பட்டால் இலை கறுத்துடும். வெளியே டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைக்கிறதே நல்லது.

7.

ரெண்டாவது வழி ஃப்ரீசர். எனக்குப் பிடிச்ச வழி இதுதான். மாசக்கணக்கில் தாங்கும், உப்பு எண்ணெய் எதுவும் கூடாது.

கொத்தமல்லி, புதினாவை நல்லா கழுவி, இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு விட்டு, தண்ணீர் குறைவா வெச்சு அரைங்க. தேங்காய் சேர்க்காதீங்க. ஐஸ் ட்ரேயில் ஊத்தி உறைய வெச்சு, கட்டிகளை ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதி ஒட்டுங்க. வேணும்போது ரெண்டு கட்டி எடுத்து அப்படியே குருமாவிலோ பிரியாணியிலோ போடலாம். சட்னி வேணும்னா அன்னைக்கு மட்டும் தேங்காயோ பொட்டுக்கடலையோ சேர்த்து அரைச்சுக்கலாம். ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தீர்த்துட்டா வாசனை நல்லா இருக்கும்.

முழு இலையா ஃப்ரீசரில் வெச்சா, எடுக்கும்போது துவண்டு போயிருக்கும். இலைக்குள்ள இருக்கும் தண்ணீர் உறைஞ்சு செல்களைக் கிழிக்கிறதால் அப்படி. மேலே தூவ அழகா இருக்காது, சமைக்க ஒரு குறையும் இல்லை. கறிவேப்பிலையை ஈரம் போக உலர்த்தி, உருவி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். தாளிக்க நேரடியா எடுத்துப் போடலாம். எண்ணெய் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

8.

இங்கே ஒரு சின்ன விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜைப் பார்த்திருக்கீங்களா? உள்ளே தெர்மாமீட்டர் இருக்கும். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறிச்சு வைப்பாங்க. 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும்.

வீட்டு ஃப்ரிட்ஜை யார் பார்க்கிறாங்க? உணவுக்கு 5 டிகிரிக்குக் கீழே இருக்கணும், ஃப்ரீசர் மைனஸ் 18. அடைச்சுத் திணிச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்தா அந்தக் குளிர் வரவே வராது. கதவுத் தட்டுதான் அதிகம் சூடாகும் இடம். சட்னிக் கிண்ணத்தை அங்கே வைக்காதீங்க.

ஊருக்குப் போறீங்க, நடுவில் கரண்ட் போச்சான்னு தெரியணுமா? ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வெச்சு, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வெச்சுட்டுப் போங்க. திரும்பி வரும்போது நாணயம் கீழே இறங்கியிருந்தா, எல்லாம் ஒரு முறை உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்தச் சட்னிக் கட்டிகளைத் தூக்கிப் போட்டுடுங்க.

9.

மூணாவது வழி உலர்த்தல். நம்ம பாட்டிமாரோட கறிவேப்பிலைப் பொடி.

இலையைக் கழுவி, நிழலில், காத்தோட்டமா உலர்த்துங்க. மொட்டை மாடி வெயிலில் போட்டா சீக்கிரம் காயும், ஆனால் வைட்டமின் ஏ தரும் கரோட்டின் நேரடி வெயிலில் அதிகம் போயிடும். தூசியும் சேரும். கையில் நொறுக்கினா சருகு மாதிரி பொடியணும். துவண்டா இன்னும் ஈரம் இருக்கு.

கறிவேப்பிலையும் புதினாவும் இதுக்கு ஏத்தது. கொத்தமல்லித்தழை உலர்த்தினா வாசனை போயிடும், அதை ஃப்ரீசருக்கு அனுப்புங்க.

பொடி கட்டி தட்டி, பூஞ்சை தெரிஞ்சா அந்த இடத்தை மட்டும் சுரண்டிட்டு மீதியை வறுத்துச் சாப்பிடாதீங்க. சில பூஞ்சைகளின் நச்சு வறுத்தாலும் போகாது. டப்பாவோட காலி பண்ணுங்க.

கறிவேப்பிலைப் பொடி சாப்பிடறதால ரத்த சோகை மாத்திரையை நிறுத்திட்டேன்னு கர்ப்பிணிகள் சொல்றாங்க. பொடி நல்லதுதான், சாப்பிடுங்க. ஆனால் ஒரு ஸ்பூன் பொடியில் கிடைக்கும் இரும்புச்சத்தும், மாத்திரையில் இருக்கும் இரும்புச்சத்தும் ஒண்ணு இல்லை. மாத்திரை கட்டாயம் தொடரணும்.

10.

நாலாவது வழி தொக்கு. இங்கேதான் கொஞ்சம் கவனமா படிக்கணும்.

ரீல்ஸில் ஒண்ணு சுத்துது. பச்சைத் தழையையோ பூண்டையோ பாட்டிலில் போட்டு, மூழ்க எண்ணெய் ஊத்தி, "வெளியே வெச்சாலும் ஆறு மாசம் கெடாது"ன்னு காட்டறாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க.

க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு கிருமி. மண்ணில் இருக்கும். அதன் விதை மாதிரியான ஸ்போர் சாதாரணக் கொதிநிலையிலும் சாகாது. காத்து இருந்தா வளராது. எண்ணெய் ஊத்தி மூடினா காத்து இல்லாத இடம் கிடைக்குது. புளிப்பு இல்லாத இலையும், நம்ம ஊர் வெப்பமும் சேர்ந்தா அது நச்சு உண்டாக்க வசதி. வாடை வரணும்னு அவசியமில்லை. அந்த நச்சு நரம்பைத் தாக்கும். கண்ணிமை தொங்கும், பார்வை ரெண்டா தெரியும், பேச்சு குழறும், முழுங்க முடியாது, கடைசியா மூச்சுத் தசைகள் நிக்கும்.

1985ல் கனடாவின் வான்கூவரில், ஒரு உணவகத்தில் ஃப்ரிட்ஜில் வைக்காம இருந்த எண்ணெய்ப் பூண்டால 36 பேர் பாதிக்கப்பட்டாங்க. 1989ல் நியூயார்க் மாநிலத்தில் அதே மாதிரி இன்னொரு சம்பவம். அதுக்கப்புறம்தான் அமெரிக்காவில் இந்த மாதிரி பாட்டிலில் அமிலம் சேர்க்கணும்னு கட்டாயமாக்கினாங்க.

நான் இதுவரை ஒரு கேஸ்கூடப் பார்த்ததில்லை. அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தால் வென்டிலேட்டர். ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காக அந்த ரிஸ்க் வேணாம்.

11.

"அப்ப எங்க பாட்டி போட்ட தொக்கு?" அது வேற. அதில் காவல் காக்கிறது எண்ணெய் இல்லை. புளியோட அமிலம், உப்பு, தண்ணீர் வத்தற வரைக்கும் சுருள வதக்குறது, இந்த மூணும்தான். அதனால்தான் "எண்ணெய் பிரியற வரைக்கும் கிண்டு"ன்னு சொன்னாங்க. பிரிஞ்சா தண்ணீர் வத்திடுச்சுன்னு அடையாளம்.

ஆனால் இன்னைக்கு நாம புளியையும் உப்பையும் குறைச்சுப் போடறோம், பாதி வதக்கலில் இறக்கிடறோம். அதனால் வீட்டுத் தொக்கு எதுவா இருந்தாலும் ஃப்ரிட்ஜில் வைங்க. காய்ந்த கரண்டி போடுங்க. சின்ன பாட்டிலா பிரிச்சு வைங்க.

ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழேதான் உப்பு இருக்கணும்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரஷர் இருப்பவர்கள் தொக்கைக் குழம்பு மாதிரி அள்ளிப் பிசையாதீங்க.

இதய வால்வு மாத்தினவங்க, வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவங்க கவனிக்க: கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சைத் தழைகளில் வைட்டமின் கே உண்டு. அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும். சாப்பிடக் கூடாதுன்னு இல்லை, தினமும் ஒரே அளவா இருக்கணும். மிச்சம் தீரணுமேன்னு ஒரே வாரத்தில் ஒரு கிண்ணம் துவையல், அடுத்த மாசம் ஒண்ணுமே இல்லைன்னு இருந்தா ரத்தப் பரிசோதனை ஏறி இறங்கும்.

12.

ஃப்ரிட்ஜே இல்லாத வீடுகள் நிறைய. என் நோயாளிகளில் பலர் அப்படித்தான். அவங்களுக்கு: ரெண்டு நாளுக்கு மட்டும் வாங்குங்க. ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ள, தண்ணீர் படாம வைங்க. வெளிப்பக்கம் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். ஆய்ந்த புதினாத் தண்டைத் தூக்கிப் போடாம ஒரு பழைய வாளி மண்ணில் குத்தி வைங்க. தானா துளிர்க்கும். செடியில் இருக்கிற இலை மாதிரி எந்த ஃப்ரிட்ஜும் பத்திரப்படுத்தாது.

அரைச்ச சட்னிக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே விதி. நம்ம வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியே வைக்காதீங்க. தேங்காய் சட்னின்னா ஃப்ரிட்ஜில் வெச்சாலும் மறுநாளோட முடிச்சுடுங்க. ஃப்ரிட்ஜ் இல்லையா, அந்த வேளைக்கு மட்டும் அரைங்க.

13.

கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் ரொம்ப காலமா நமக்குக் காய்கறிக் கடையில் கொசுறு. சும்மா கிடைச்சதால வந்த அன்னைக்கு அதை யாரும் மதிக்கிறதில்லை. கெடும்போது மட்டும் அதுக்காகப் பதறுறோம். அந்தப் பதற்றத்தை வீட்டில் ஒரே ஆள்தான் விழுங்குறாங்க. மத்தவங்களுக்குப் புதுசு, அவங்களுக்கு மிச்சம்.

வீணாக்கக் கூடாதுன்னு நினைக்கிறது நல்ல குணம். நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனால் அந்த அம்மா காப்பாத்த நினைச்சது பத்து ரூபாய் புதினாவை. அதுக்கு நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம், மகனுக்கு நாலு நாள் கூலி நஷ்டம், ஏற்கெனவே சர்க்கரையால் அடி வாங்கிட்டு இருக்கிற சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. எது வீண்?

கெட்டுப்போனதைச் செடிக்கு உரமா போடுங்க. அதில் குற்ற உணர்ச்சி வேணாம்.

14.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்த அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி தம்பி, இனிமே கம்மியா வாங்கறேன்"னாங்க. எனக்கு அந்தப் பதில் போதாது. பக்கத்தில் நின்ன மகன்கிட்டதான் கடைசியா சொன்னேன்: "கட்டு வாங்கிட்டு வர்றது நீங்கதானே? வந்ததும் அவிழ்த்து, ஆய்ஞ்சு, துணியில சுத்தி வைக்கிற வேலையும் இனிமே உங்களோடது."

படிக்கிற ஆண்களுக்கும் அதேதான் சொல்றேன். பத்து நிமிஷ வேலை.

இன்னைக்கு ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தக் கவரை எடுத்துப் பாருங்க. நல்லா இருக்கிறதை இப்பவே பிரிச்சு வைங்க. மத்ததைத் தூக்கிப் போடுங்க. அப்படியே, மிச்சம் வெச்ச சட்னியை உங்க வீட்டில் யார் சாப்பிடறாங்கன்னும் கவனிங்க.

வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்க. அம்மாவுக்கு மட்டும் அனுப்பாம, அப்பாவுக்கும் சேர்த்து அனுப்புங்க.